மண்ணுக்குள் இருக்கும் ஒயர் ஜாயிண்ட்: மழைக்கு முன் ஒரு பார்வை

(நம் சங்கத்தின் செப்டம்பர் மாத உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் என்னிடம், "மேடம், மழைக்கு முன்னால் நடக்கிற கூட்டத்தில் உங்கள் கேட் விஷயத்தைக் கொஞ்சம் பேசுங்களேன்" என்றார். நான் எலெக்ட்ரீஷியன் இல்லை. பி.காம். படித்துவிட்டு, வங்கியில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவள். ஒயரைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டேன். "ஷாக் அடித்த கேட் உங்களுடையதுதானே, அதுவே தகுதி" என்றார். மறுக்க முடியவில்லை. அதனால் என் வீட்டில் நடந்ததை முதலில் சொல்கிறேன். அதற்குப் பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தப்பு இருந்தால் இங்கே இருக்கிற இன்ஜினியர்கள் திருத்தலாம்.

எங்கள் வீட்டு கேட்டின் இரண்டு தூண்களிலும் இரண்டு விளக்குகள் இருக்கின்றன. செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் ஒரு கார்டன் லைட். 2021இல் பெயிண்ட் வேலை நடந்தபோது இவற்றைப் போட்டோம். போர்டிகோவிலிருந்து கேட் வரை நாற்பது அடி. மண்ணுக்குள் ஓர் அடி ஆழத்தில் பி.வி.சி. பைப் புதைத்து, வீட்டுக்குள் ஓட்டுகிற சாதாரண ஒயரையே உள்ளே விட்டார்கள். கடைசியில் ஒயர் ஆறு அடி பத்தவில்லை. கேட் தூணின் அடியிலேயே ஒரு ஜாயிண்ட் போட்டார்கள். செம்புக் கம்பிகளை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, அதன் மேல் ஒரு பால் கவரைச் சுற்றி, நூலால் கட்டி, மண்ணைத் தள்ளி மூடினார் எலெக்ட்ரீஷியன். நான் பக்கத்தில்தான் நின்றேன். "தண்ணி உள்ளே போகாதுல்ல?" என்று கேட்டேன். "மூணு சுத்து டேப் மேடம், அதுக்கு மேல கவர். பத்து வருஷம் அசையாது" என்றார். நானும் காபி கொடுத்து அனுப்பினேன்.

முதல் மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. 2022 மழையில் புதுத் தொந்தரவு ஆரம்பித்தது. கனமழை பெய்தால் வீட்டில் ஆர்.சி.சி.பி. விழும். தூக்கிவிட்டால் உடனே மறுபடியும் விழும். ராத்திரி இரண்டு மணிக்கு ஃபேன் நிற்கும், ஃப்ரிட்ஜ் நிற்கும். வெயில் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும். அதே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கிப் பார்த்து, கேட் லைனில்தான் லீக்கேஜ் என்று கண்டுபிடித்தார். அதுவரை சரிதான். பிறகு செய்ததுதான் தப்பு. மண்ணைத் தோண்டிப் பார்க்காமல், கேட் லைனை மட்டும் ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலேயே பிரித்து, தனி எம்.சி.பி.யில் கொடுத்துவிட்டார். "இனிமே ட்ரிப்பே ஆகாது மேடம்" என்றார். ஆகவும் இல்லை. நிம்மதியாகத் தூங்கினோம்.

மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் ஆரம்பத்தில் வந்தது உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தண்ணீர் வடிந்து, கரண்ட் வந்து, இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மா காலை ஆறு மணிக்கு வருவார். உள்ளே வந்ததும், "கேட்டுல ஷாக் அடிக்குதும்மா" என்றார். நான் எட்டு மணிக்குப் போய் கேட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. "இரும்பு ஈரமா இருக்கு, ஜில்லுன்னு இருந்திருக்கும், உனக்கு அப்படித் தோணியிருக்கு" என்று சொல்லிவிட்டேன். மறுநாளும் அதையே சொன்னார். நானும் அதே பதிலைச் சொன்னேன்.

மூன்றாம் நாள் அவர் கேட்டைத் தொடவே இல்லை. வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். "எட்டு மணிக்கு வேணாம்மா. இப்ப, ஆறு மணிக்கு, நீங்க தொட்டுப் பாருங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த விளக்குகள் சென்சாரில் எரிபவை. இருட்டினால் தானாக எரியும், விடிந்தால் அணையும். ஆறு மணிக்கு விளக்கு எரிகிறது, ஒயரில் கரண்ட் இருக்கிறது. எட்டு மணிக்கு விளக்கும் இல்லை, கரண்டும் இல்லை. அந்த அம்மா சொன்னது முழுக்க உண்மை. சோதித்துப் பார்த்தேன் என்று நான் சொன்னதுதான் அர்த்தமில்லாதது.

நான் தொடவில்லை. என் வீட்டுக்காரர் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு டெஸ்டரை வைத்தார். நல்ல வெளிச்சமாக எரிந்தது. உள்ளே ஓடிப் போய் மெயினை இறக்கினோம். சாயங்காலமானால் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் மூன்று பேர் அந்தக் கேட்டில்தான் ஏறி ஊஞ்சல் ஆடுவார்கள். மழை என்று அந்த வாரம் யாரையும் வெளியே விடவில்லை. எங்களைக் காப்பாற்றியது அது ஒன்றுதான்.

2017 நவம்பர் 1ஆம் தேதி கொடுங்கையூரில் மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்துபோனார்கள். அது தெருவில் நடந்தது. யாரைக் கேட்பது என்று நாம் எல்லோரும் பேசினோம். நம் காம்பவுண்டுக்குள் நடந்தால் கேட்க வேறு ஆள் கிடையாது. அது நம் பொறுப்பு.

தோண்டியதும் தெரிந்தவை

இந்த முறை லைசென்ஸ் உள்ள வேறொரு எலெக்ட்ரீஷியனை வரவழைத்தோம். மெயினை இறக்கி, கரண்ட் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்த பிறகுதான் மண்ணில் கை வைத்தார். பைப்பை அறுத்ததும் உள்ளேயிருந்து அரை வாளி தண்ணீர் கொட்டியது. பால் கவருக்குள்ளும் தண்ணீர். டேப்பின் பசை கரைந்து கொழகொழவென்று கையில் வந்தது. செம்பு பச்சை பூத்திருந்தது.

அவர் சொன்ன முதல் விஷயம் என்னை யோசிக்க வைத்தது. "பைப் தண்ணீரைத் தடுக்காது மேடம். மண்வெட்டியைத்தான் தடுக்கும். மண்ணுக்குள் இருக்கிற எந்தப் பைப்பிலும் தண்ணீர் இருக்கும் என்று நினைத்துத்தான் வேலை செய்யணும்" என்றார். மழை பெய்யாவிட்டாலும் பகல் சூட்டுக்கும் ராத்திரிக் குளிர்ச்சிக்கும் உள்ளே இருக்கிற காற்று வியர்த்துச் சொட்டுமாம். வெளியே போக வழியில்லாமல் அது தாழ்வான இடத்தில் தேங்கும்.

பால் கவர் விஷயமும் அப்படித்தான். இறுக்கிக் கட்டினாலும் ஒயர் நுழைகிற இடத்தில் இடைவெளி இருக்கும். உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. ஜாயிண்டுக்குத் தொட்டி கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. கறுப்பு டேப் கரண்டைத் தடுக்கத்தான் செய்தது, தண்ணீரைத் தடுக்க இல்லை. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் இருப்பது வெறும் பசை. ஈரத்திலும் சூட்டிலும் அந்தப் பசை விட்டுவிடும்.

இன்னொன்றையும் காட்டினார். நம் ஒயர் பல மெல்லிய இழைகளால் ஆனது. ஜாயிண்டில் நுழைந்த தண்ணீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி இழைகளுக்கு நடுவே இன்சுலேஷனுக்கு உள்ளேயே ஏறிப் போகும். எங்கள் ஒயரில் ஜாயிண்டிலிருந்து ஒன்றரை அடி தூரம் வரை செம்பு கறுத்திருந்தது. அதனால் பழைய ஜாயிண்டைப் பிரித்து அதே நுனியில் புது டேப் சுற்றுவது வீண் வேலை. பளபளப்பான செம்பு தெரிகிற வரை வெட்டிப் போட வேண்டும்.

சரி, மண்ணுக்குள் இருந்த கசிவு கேட்டுக்கு எப்படி வந்தது? ஜாயிண்ட் தூணின் அடியிலேயே இருந்தது. செங்கல் தூண் தண்ணீரைக் குடித்து ஊறியிருந்தது. கேட்டின் கீல் அதே தூணுக்குள் பதிந்திருக்கிறது. ஈரத் தூண் வழியாகக் கரண்ட் இரும்புக்கு வந்துவிட்டது. அந்த விளக்குகளுக்கு எர்த் ஒயரே இழுக்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

எம்.சி.பி. ஏன் விழவில்லை?

இதைத்தான் நான் பலரிடமும் கேட்டேன். அவ்வளவு கரண்ட் கசிந்தும் எம்.சி.பி. ஏன் சும்மா இருந்தது?

எங்கள் கேட் லைனில் இருந்தது 6 ஆம்பியர் எம்.சி.பி. அதைத் தாண்டி ஓடினால்தான் அது விழும். அதன் வேலை ஒயர் சூடாகி எரியாமல் காப்பது. மனிதரைக் கொல்வதற்கு 6 ஆம்பியர் தேவையில்லை. பழைய 60 வாட் குண்டு பல்பு எடுப்பது கால் ஆம்பியருக்குச் சற்று அதிகம், சுமார் 260 மில்லி ஆம்பியர். அதில் ஒன்பதில் ஒரு பங்குதான் 30 மில்லி ஆம்பியர். அந்த அளவு கரண்ட் நெஞ்சு வழியாகப் போனாலே உயிருக்கு ஆபத்து. அதனால்தான் வீடுகளில் ஆட்களைக் காப்பதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்கிறார்கள். கடையில் 100, 300 மில்லி ஆம்பியர் என்றும் கிடைக்கும். 300 என்பது தீ விபத்தைத் தடுக்க. நம் உயிரைக் காக்க அது போதாது. வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

ஆர்.சி.சி.பி. எப்படி வேலை செய்கிறது என்பது வங்கியில் வேலை பார்த்த எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஃபேஸில் எவ்வளவு போகிறதோ அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வர வேண்டும். அது இரண்டையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. டெபிட்டும் கிரெடிட்டும் டாலி ஆகிறதா என்று பார்க்கிற வேலைதான். கணக்கு உதைத்தால், எங்கோ வேறு வழியில், மண் வழியாகவோ மனித உடம்பு வழியாகவோ, கரண்ட் போகிறது என்று அர்த்தம். உடனே, ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள், கட் செய்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. சாயங்காலம் ஒரு ரூபாய் உதைத்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. எந்த வவுச்சரில் தப்பு என்று தேடுவோம். தேடச் சோம்பல் பட்டு வித்தியாசத்தைச் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் தப்பு அங்கேயேதான் இருக்கும், ஒருநாள் பெரிதாக வந்து நிற்கும். அந்த எலெக்ட்ரீஷியன் கேட் லைனை ஆர்.சி.சி.பி.க்கு வெளியே எடுத்தது அதுதான். வித்தியாசத்தைச் சஸ்பென்ஸில் தள்ளினார். சர்வீஸ் முழுவதும் கணக்கு டாலி பார்த்த நான் அதற்குக் கூலியும் கொடுத்தேன்.

மழை நாளில் மட்டும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் அது பழுதானதாக இருக்க வாய்ப்புக் குறைவு. வெளியே எங்கோ ஒரு ஜாயிண்ட் நனைகிறது என்று அது சொல்கிறது. தயவுசெய்து அதன் வாயை அடைக்காதீர்கள்.

சரியான முறை என்ன?

எங்கள் வீட்டில் செய்ததையும் செய்திருக்கக் கூடியதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, மண்ணுக்குள் ஜாயிண்டே வேண்டாம். முதலிலேயே அளந்து, இரண்டு மூன்று மீட்டர் கூடுதலாக வைத்து, ஒரே நீளமாக கேபிள் வாங்க வேண்டும். மூன்று விளக்கு இருந்தால் ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்கு என்று கேபிளை மேலே கொண்டுவந்து, விளக்கின் டெர்மினலிலேயே இணைத்து, மறுபடியும் கீழே இறக்க வேண்டும். எல்லா இணைப்பும் தரைக்கு மேலே வந்துவிடும். எங்கள் வீட்டில் ஆறு அடி ஒயரை மிச்சப்படுத்தியதால் வந்த வினைதான் அத்தனையும்.

இரண்டாவது, கேபிள். வீட்டுக்குள் ஓட்டுகிற ஒயரைப் பைப்பில் விட்டுப் புதைக்கக் கூடாது. ஆர்மர்டு கேபிள் என்று கேளுங்கள். உள்ளே இரும்புக் கம்பிக் கவசமும் அதன் மேல் தடித்த உறையும் இருக்கும். ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று கோர் இருக்க வேண்டும். கவசத்தையும் எர்த்தில் இணைக்க வேண்டும். நிலத்தடி கேபிளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1255. வீட்டுக்கு வருகிற வோல்டேஜ் அளவுக்கு அது சொல்லும் ஆழம் முக்கால் மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை அடி. கீழே மணல், மேலே மணல், அதன் மேல் ஒரு வரிசைச் செங்கல். நாளைக்கு யாராவது வாழைக்கன்று வைக்கத் தோண்டினால் முதலில் செங்கல் தட்டுப்படும். கேபிள் போகிற வழியை ஒரு தாளில் வரைந்து, மெயின் போர்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். புதைப்பதற்கு முன்னால் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மூன்றாவது, ஜாயிண்ட் தவிர்க்கவே முடியாவிட்டால் அதைத் தரைக்கு மேலே தூக்குங்கள். காம்பவுண்ட் சுவரில் ஒரு வெதர்புரூஃப் பாக்ஸ். பெட்டியில் ஐ.பி. என்று போட்டு இரண்டு எண் இருக்கும். இரண்டாவது எண்தான் தண்ணீருக்கு. ஐ.பி. 65 என்றால் பீய்ச்சி அடிக்கிற தண்ணீரைத் தாங்கும், மூழ்கினால் தாங்காது. ஐ.பி. 67 ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். நம் தெருவில் தண்ணீர் நிற்பது அரை மணி நேரக் கணக்கு இல்லை, நாள் கணக்கு. அதனால் எண்ணை மட்டும் நம்பாமல், 2015இலும் 2023இலும் உங்கள் சுவரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பார்த்து, அதற்கு மேலே பெட்டியை வையுங்கள். அந்தக் கறை பல வீடுகளில் இன்னும் இருக்கிறது.

பெட்டி நல்லதாக இருந்தாலும் அதைப் பொருத்துகிற விதத்தில் கெட்டுவிடும். கேபிள் அடிப்பக்கமாக நுழைய வேண்டும், மேல்பக்கமாகக் கூடாது. நுழைகிற இடத்தில் கேபிள் தடிமனுக்குச் சரியான கிளாண்ட் வேண்டும். பெரிய ஓட்டையில் சின்ன ஒயரை விட்டுச் சிமெண்ட் பூசுவது கூடாது. உபயோகிக்காத ஓட்டைகளுக்கு மூடி போட வேண்டும். மூடியைச் சுற்றி இருக்கிற ரப்பர் வளையம் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அது பிரிக்காத கவரிலேயே குப்பைக்குப் போக இருந்தது. பின்பக்கம் ஆணி அடிக்க ஓட்டை போட்டால் அங்கேயும் தண்ணீர் நுழையும். பெட்டிக்கு வெளியே இருக்கிற காதுகளில்தான் ஸ்க்ரூ போட வேண்டும்.

நான்காவது, மண்ணுக்குள்தான் ஜாயிண்ட் என்று ஆகிவிட்டால் அதற்கென்றே உள்ள முறையில் போட வேண்டும். ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "போர்வெல் மோட்டார் ஜாயிண்ட் வருஷக்கணக்கா தண்ணிக்குள்ளேயே கிடக்குதே, அது எப்படி?" நல்ல கேள்வி. அதைச் செய்கிறவர்கள் கம்பிகளை ஒன்றாக முறுக்கி விடுவதில்லை. ஒவ்வொரு கோரையும் வேறு வேறு நீளத்தில் வெட்டி, ஜாயிண்டுகள் ஒன்றின் பக்கத்தில் ஒன்று வராமல் பார்த்துக்கொள்வார்கள். இழுத்துச் சுற்றினால் தனக்குத் தானே ஒட்டி ஒரே ரப்பர் கட்டியாக மாறுகிற ரப்பர் டேப்பை ஒவ்வொரு கோருக்கும் சுற்றி, அதன் மேல்தான் சாதாரண டேப் போடுவார்கள். மேல் டேப் ரப்பருக்குச் சட்டை மாதிரி. தடுப்பது ரப்பர்தான்.

கார்டன் கேபிளுக்கு அதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. கம்பிகளைச் செம்பு ஸ்லீவில் விட்டு அழுத்தி இணைத்து, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைப் போட்டுச் சூடு காட்டினால், சுருங்கும்போது பசை உருகி ஓரங்களில் பிதுங்கி வரும். பிதுங்கினால்தான் உள்ளே அடைத்துவிட்டது என்று அர்த்தம். பசை இல்லாத ஸ்லீவும் விலை குறைவாகக் கிடைக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தண்ணீரைத் தடுக்காது. எல்லாவற்றிலும் உறுதியானது ரெசின் ஜாயிண்ட் கிட். ஜாயிண்டை ஓர் அச்சுக்குள் வைத்து இரண்டு திரவத்தைக் கலந்து ஊற்றினால் கல்லாக இறுகிவிடும். உள்ளே தண்ணீர் நுழைய இடமே இருக்காது. பிறகு பிரிக்க முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் ஜெல் நிரப்பிய பெட்டி இருக்கிறது.

பாத்ரூம் ஓரத்துக்கு அடிக்கிற சிலிகானை ஜாயிண்டில் அடைக்கலாமா என்று கேட்கிறார்கள். காடி வாசனை வருகிற சிலிகான் காயும்போது அமிலம் விடும், அது செம்பை அரிக்கும். செம்பு தெரிகிற இடத்தில் அதை வைக்காதீர்கள். அதே போல அலுமினிய ஒயரையும் செம்பு ஒயரையும் நேராக முறுக்கக் கூடாது. ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப் போகும். அதற்கென்று தனி இணைப்பான் இருக்கிறது.

ஐந்தாவது, வேலை முடிந்ததும் மண்ணை மூடுவதற்கு முன்னால் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்குகளைக் கழற்றிவிட்டு 500 வோல்ட்டில் அளப்பார்கள். கேபிளின் கோர்களுக்கு நடுவிலும் எர்த்துக்கும் குறைந்தது ஒரு மெகாஓம் வர வேண்டும். புதுக் கேபிளுக்கு அதைவிடப் பல மடங்கு வரும். அந்த எண்ணை எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அளக்கும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும். பாஸ்புக் மாதிரிதான்.

ஆறாவது, 230 வோல்ட்டே வேண்டாம் என்று முடிவு செய்யலாம். அழகுக்குப் போடுகிற செடி விளக்குகளுக்கு 12 வோல்ட் எல்.இ.டி. போதும். அதன் டிரான்ஸ்ஃபார்மர் வீட்டுக்குள் காய்ந்த இடத்தில் இருக்க வேண்டும். ஜாயிண்ட் நனைந்தால் விளக்கு கெடும், ஆனால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் செம்பருத்தி விளக்கை இப்படித்தான் மாற்றினோம்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளுக்கு

நம் நகரில் பெரும்பாலான வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

"இன்வெர்ட்டர் போட்டால் ஆர்.சி.சி.பி. நிற்காது, எடுத்துடுங்க" என்று சிலர் சொல்கிறார்கள். அது விழுவதற்குக் காரணம் இன்வெர்ட்டர் இல்லை. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் மற்ற லைனின் நியூட்ரலையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். ஒரு கணக்கில் போன பணம் இன்னொரு கணக்கில் திரும்பி வந்தால் டாலி ஆகுமா? நியூட்ரல்களைப் பிரித்துவிட்டால் நிற்கும். அரை நாள் வேலை. அந்த அரை நாளைத் தவிர்க்கத்தான் ஆர்.சி.சி.பி.யை எடுக்கச் சொல்கிறார்கள்.

மற்றொன்று இன்னும் முக்கியம். ஈ.பி. கரண்ட் போய்விட்டது, அதனால் கேட் லைனில் கரண்ட் இல்லை என்று நினைக்காதீர்கள். கேட் விளக்கு இன்வெர்ட்டரில் இருந்தால் ஊரே இருட்டாக இருக்கும்போதும் அந்த ஒயரில் 230 வோல்ட் இருக்கும். வெள்ளம் ஏறும்போது மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். வெளி லைனுக்குத் தனி எம்.சி.பி. இருந்து, அதன் மேல் "வெளி லைன்" என்று எழுதியும் இருந்தால், மழை எச்சரிக்கை வந்ததும் அதை மட்டும் இறக்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது

வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும். அதற்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய் நான்கு காரியம் செய்யுங்கள்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று போட்ட பட்டனை அழுத்துங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் அது அலங்காரப் பொருள், உடனே மாற்றுங்கள். பிறகு மாதம் ஒரு முறை அழுத்துங்கள்.

அதை அப்படியே கீழே இறக்கிவிட்டு, ராத்திரி வெளியே போய்ப் பாருங்கள். கேட் விளக்கு எரிந்தால், அந்த லைன் ஆர்.சி.சி.பி.யின் பாதுகாப்பில் இல்லை என்று அர்த்தம். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் இந்தச் சின்னப் பரிசோதனையை யாராவது செய்திருந்தால் ஒரு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கும்.

கேட் விளக்கு, சம்ப் மோட்டார், கார் கழுவுகிற இடத்து பிளக் ஆகிய மூன்றுக்கும் எர்த் வருகிறதா என்று லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று எர்த்தை விட வேண்டாம், எர்த் இருக்கிறதே என்று ஆர்.சி.சி.பி.யையும் விட வேண்டாம். இரண்டும் வேண்டும். இந்த வேலையை நாமே செய்து பார்க்கவும் வேண்டாம்.

வீட்டில் இருக்கிற பெரியவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் மெயின் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொட்டு இழுக்கக் கூடாது. முதலில் மெயின், பிறகு ஆள், உடனே 108. தெருவில் ஒயர் அறுந்து கிடந்தாலோ பில்லர் பாக்ஸ் தண்ணீரில் நின்றாலோ மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. யாரையும் கிட்டே போக விடாதீர்கள்.

எங்கள் வீட்டு வேலை முழுவதும் இரண்டு நாளில் முடிந்தது. பெட்டி, கிளாண்ட், ஆர்.சி.சி.பி. மூன்றுக்கும் ஆன செலவு ஒரு நல்ல பட்டுப்புடவை விலைகூட இல்லை. கேபிளுக்குத்தான் கொஞ்சம் அதிகம் ஆயிற்று.

கடைசியாக ஒன்று. எலெக்ட்ரீஷியன் தப்புச் செய்தார் என்று சொன்னேன். அதைவிடப் பெரிய தப்பு என்னுடையது. ஒரு பெண் கையில் ஷாக் வாங்கிக்கொண்டு வந்து இரண்டு நாள் சொன்னார். நான் படித்தவள், எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நான் தவறான நேரத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு அவருக்குச் சான்றிதழ் கொடுத்தேன். அவர் மூன்றாம் நாளும் விடாமல் சொன்னதால்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் இதை ஒரு அனுபவமாகப் பேச முடிகிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பரவால்லம்மா, குழந்தைங்க தொடாம இருந்துச்சே" என்றார்.

உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர், பேப்பர் போடுகிறவர், பால் போடுகிற பையன், யார் வேண்டுமானாலும் "கேட்டுல ஏதோ இழுக்குது" என்று சொன்னால், முதலில் வெளி லைனை இறக்குங்கள். சரியா தப்பா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.